கேளுங்கள், சொல்கிறேன்: மாலை வகுப்பு ஏன் காலியாகிறது?

? வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு, 6 முதல் 8ஆம் வகுப்பு வரை, மாலையில் இலவசமாகப் பாடம் சொல்லித்தருகிறேன். முதல் வாரம் 22 பேர் வந்தார்கள். மூன்று மாதத்தில் 9 பேர்தான் மிச்சம். எங்கே தவறினேன்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

வராமல் போன 13 பேரின் வீட்டுக்கும் போய்ப் பார்த்தீர்களா? கணக்கு ஆசிரியராக ஓய்வுபெற்ற பிறகு நானும் இப்படியொரு வகுப்பு தொடங்கினேன். 7ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி பத்தே நாளில் நின்றுவிட்டாள். அக்கறையில்லாத பெண் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். போய்ப் பார்த்தால், மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அம்மா வேலை முடிந்து திரும்ப இரவு ஏழரை ஆகுமாம். "தம்பியையும் தூக்கிக்கொண்டு வாம்மா" என்றேன். மூலையில் ஒரு பாய் விரித்ததோடு சிக்கல் தீர்ந்தது. அவன் என் சாக்பீஸ் பெட்டியைக் காலி செய்தது தனிக் கதை.

அடுத்தது மானம். 13 வயதில் அது பசியைவிடப் பெரிது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் 8ஆம் வகுப்புப் பையனை எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொன்னால் மறுநாள் வரமாட்டான். அப்படி ஒருவனை நான் தொலைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் அத்தகையவர்களிடம் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக்காட்டும் பொறுப்பைக் கொடுத்துவிடுகிறேன். முதல்நாள் இரவே இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சின்னப் புத்தகம் கையில் இருப்பதற்குக் கௌரவமான காரணம் கிடைத்துவிடுகிறதே!

பள்ளியில் அன்று நடந்த பாடத்தையே மறுபடி நடத்துகிறீர்களோ என்றும் சந்தேகம். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளைக்கு இயற்கணிதம் எப்படி ஏறும்? "2/5 பாதியைவிடக் குறைவாயிற்றே, பாதியோடு ஒன்றைச் சேர்த்தால் குறையுமா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனம்தான் ஆசிரியர்களுக்குக் கடினம். ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளரின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் எந்த அளவுக்குத் தெரிந்திருந்தன என்பதே, உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எப்படி வரும் என்பதைக் காட்டிவிட்டது. குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அதுவே முடிவு. ஆகவே, பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்க்காமல், எந்த இடத்தில் நின்றுபோனது என்று பாருங்கள்.

9 பேர் குறைவென்று வருந்தவும் வேண்டாம். உதவிக்கு இருவர் கிடைத்தால் ஆளுக்கு மூன்று பிள்ளைகள். எனக்கு ஒருபோதும் வாய்க்காத வசதி அது.

? தவறாமல் வருகிறவர்களுக்குப் பரிசு கொடுக்கலாமா?
– இன்னொரு வாசகர்

பேனா கொடுத்துப் பார்த்தேன். பேனா தீர்ந்த வாரமே வருகையும் தீர்ந்தது. இப்போது வாரம் ஒருவரிடம் வகுப்பறைச் சாவியைக் கொடுக்கிறேன். சாவிக்காரர் இதுவரை ஒருநாளும் தாமதித்ததில்லை. நான்தான் இரண்டு முறை தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன்.