மூன்று நாளில் காற்று இறங்கும் டிராக்டர் பின் டயர்

காற்று பிடித்து மூன்றே நாளில் பின் டயர் தொய்ந்துவிடுகிறது, ஆணி எதுவும் கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் வால்வைப் பாருங்கள். மூடியைக் கழற்றி, வால்வின் வாயில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி மெதுவாக ஊதினால் உள்ளே காற்றை அடைத்து நிற்கும் சிறு ஊசியை (வால்வு பின்) இறுக்கிப் பாருங்கள், நிற்கவில்லையா, மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை.

குமிழி வால்வைச் சுற்றி, ரிம் துளையில் வந்தால் ட்யூபில்தான் ஓட்டை. எங்கே கசிந்தாலும் காற்று பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வெளியேறும். டயர் மேல் தேடிப் பயனில்லை. ட்யூபைக் கழற்றித் தண்ணீரில் முக்குங்கள்.

அப்புறம், ஒட்டு போட்டதும் உடனே மாட்டாதீர்கள். டயரின் உள்பக்கத்தைப் பழைய துணியால் சுற்றித் துடையுங்கள். முறிந்த கருவேல முள் நுனி துணியில் மாட்டும். அதை எடுக்காமல் மாட்டி, ஒரே ஓட்டைக்கு நான் இரண்டு முறை பஞ்சர் பார்த்திருக்கிறேன்.