ஆங்கிலக் கூட்டுச் சொற்களை எப்படி அசை பிரிப்பது? அழுத்தம் எங்கே விழும்?

பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பினாங்கு, ஆயர் ஈத்தாம் பக்கம் வீட்டிலேயே ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். மொழியியல் பட்டமெல்லாம் இல்லை. இருக்கிறவர்கள் திருத்தலாம், சண்டைக்கு மட்டும் வராதீர்கள்.

முதலில் இரண்டு சொல்லும் ஒட்டிய இடத்தில் வெட்டுங்கள். அசை எண்ணுவது அப்புறம். பாட்ஹோலில் (pothole) டி, எச் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் பையன்கள் 'பா-தோல்' என்று படிப்பார்கள். நடுவில் பென்சில் கோடு ஒன்று இழுத்தால் தீர்ந்தது. சன்ஃப்ளவரில் சன் ஒன்று, ஃப்ளவர் இரண்டு, மொத்தம் மூன்று அசை. கப்போர்டு (cupboard) மாதிரி தேய்ந்துபோன சொல்லில் கோடு பலிக்காது. அதில் 'p' ஒலிப்பதே இல்லை, 'கபட்' என்றுதான் வரும்.

அழுத்தம் பெரும்பாலும் முதல் சொல்லில். கிரீனை அழுத்தினால் கிரீன்ஹவுஸ், கேமரன் மலையில் செடி வளர்க்கிற கூடாரம். ஹவுஸுக்கு அழுத்தம் போனால் பச்சைச் சாயம் அடித்த வீடு. எப்போதும் இப்படியே வரும் என்று நான் சொல்லவில்லை. ஆப்பிள் பையில் (apple pie) 'பை'தான் ஓங்கும். பீச் ஸ்ட்ரீட்டில் பீச், பர்மா ரோட்டில் ரோடு. வெள்ளைக்காரன் வழக்கு அப்படி.

நாம் தமிழிலும் மலாயிலும் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள். அதனால் கைதட்ட வைக்கிறேன், அழுத்தம் விழும் இடத்தில் பலமாக. இதற்கு ஒரு அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பரீட்சைல வராததுக்கு எதுக்கு டீச்சர் தட்டிக்கிட்டு இருக்கீங்க? இதுக்கா காசு கட்றோம்?"

நான் அவரிடம் வாதாடவில்லை. பையனைக் கூப்பிட்டு 'இங்கிலீஷ் டீச்சர்' என்று இரண்டு விதமாகச் சொன்னேன், ஒரு தடவை இங்கிலீஷை அழுத்தி, மறு தடவை டீச்சரை அழுத்தி. "மொதல்ல சொன்னது இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவங்க, நீங்க. ரெண்டாவது இங்கிலாந்துக்காரர்" என்றான், செருப்பைப் போட்டுக்கொண்டே. அப்பா கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அதே மனிதர்தான் பள்ளி விடுமுறை மாதத்துக்குக் கட்டணம் தர முடியாது என்கிறார். விடுமுறை என்று வீட்டுக்காரர் எனக்கு வாடகையைத் தள்ளுபடி செய்கிறாரா? டியூஷன் எடுக்கும் மற்றவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள், அதையும் யாராவது எழுதுங்கள்.