11 எம்பியிலேயே நிற்கும் சாம்பா

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு, சாம்பா (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் மென்பொருள்) வழியாக வீட்டுக்கு ஃபைல் சர்வராக வைத்திருக்கிறேன். ரவுட்டர் கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்), லேப்டாப்பும் கேபிளில்தான் இருக்கிறது. ஆனாலும் கல்யாண வீடியோவை காப்பி செய்தால் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. யாரோ சொன்னார்கள் என்று சாம்பாவின் கான்ஃபிக் ஃபைலில் சாக்கெட் ஆப்ஷன்ஸ் வரியைக்கூடச் சேர்த்துப் பார்த்தேன், பலனில்லை. ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: டிஸ்க்குக்குக் காசு செலவழிக்காதீர்கள். நீங்கள் எழுதிய அந்த 11தான் துப்பு. டிஸ்க்கோ சாம்பாவோ திணறினால் வேகம் ஏறும், இறங்கும்; இப்படி ஒரே எண்ணில் ஆணி அடித்த மாதிரி நிற்காது. 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 எம்பி, அதில் நெட்வொர்க்கின் சொந்தச் செலவு போக மிஞ்சுவது 11 சொச்சம். அதாவது வழியில் எங்கோ ஒரு இணைப்பு கிகாபிட்டில் இல்லை, 100லேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

சர்வரில் 'ஐபி ஏ' அடித்து நெட்வொர்க் கார்டின் பெயரைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பெயரோடு 'சூடோ எத்டூல்' கொடுங்கள். ஸ்பீட் என்ற வரியில் 1000 இருக்க வேண்டும். 100 என்று இருந்தால் முதல் சந்தேகம் கேபிள்மேல்தான். கிகாபிட்டுக்கு உள்ளே உள்ள எட்டுக் கம்பியும் வேண்டும், 100க்கு நான்கே போதும். அதனால் மற்ற நான்கில் ஒரு கம்பி கனெக்டருக்குள் சரியாகப் பிடிக்காவிட்டாலும் கார்டு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், நெட் வழக்கம்போல ஓடும், யாருக்கும் சந்தேகமே வராது. கனெக்டரின் கண்ணாடி முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எட்டு நிறமும் நுனிவரை வந்திருக்கிறதா என்று தெரியும். மாற்றுவதற்கு கேட் 5ஈ போதும், கேட் 8 என்று கடைக்காரர் ஆசை காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். லேப்டாப் பக்கத்தையும் இதேபோல் பார்க்க வேண்டும். ரவுட்டரையும்தான், ஏனென்றால் சிலவற்றில் ஒரு போர்ட் மட்டுமே கிகாபிட்.

இரண்டு பக்கமும் 1000 காட்டிய பிறகும் மந்தமா? சர்வரில் 'ஐபெர்ஃப்3 -எஸ்', லேப்டாப்பில் 'ஐபெர்ஃப்3 -சி' போட்டு அதோடு சர்வரின் ஐபி முகவரியைக் கொடுங்கள்; இது நெட்வொர்க் வேகத்தை அளக்கும் கருவி. இதில் டிஸ்க்கும் கிடையாது, சாம்பாவும் கிடையாது, வெறும் நெட்வொர்க் மட்டும். 940 மெகாபிட் சுற்றி வந்தால் லைன் சுத்தம், பெரிய ஃபைலுக்கு 110 எம்பி வரை எதிர்பார்க்கலாம்.

அப்புறமும் 35, 40லேயே நின்றால் யூஎஸ்பி டிஸ்க் 2.0 போர்ட்டில் செருகியிருக்கலாம். 'எல்எஸ்யூஎஸ்பி -டி' அடித்தால் 480எம் என்று காட்டும். டிஸ்க் விண்டோஸில் இருந்து வந்த என்டிஎஃப்எஸ் ஃபார்மட் என்றால் காப்பி ஓடும்போது 'டாப்' அடித்து எந்த புரோகிராம் பிராசசரை எடுக்கிறது என்று பாருங்கள், பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் பிராசசரைத் தின்றுகொண்டிருக்கலாம். பேக்கப் எடுத்துவிட்டு லினக்ஸின் சொந்த ஃபார்மட்டான எக்ஸ்ட்4க்கு மாற்றிவிடுவது நல்லது.

அந்த சாக்கெட் ஆப்ஷன்ஸ் வரியை முதலில் எடுத்துவிடுங்கள். அது தொடும் பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) அளவை லினக்ஸ் தானே தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும். 8192 என்று கட்டிப்போட்டால் வேகம் குறையத்தான் செய்யும். எடுத்ததும் 'டெஸ்ட்பார்ம்' ஓட்டி கான்ஃபிக்கில் பிழை இல்லையே என்று பார்த்துவிட்டு, சாம்பாவை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இன்னொன்று, வீடியோ பறந்து போட்டோ ஃபோல்டர் மட்டும் ஊர்ந்தால் அது கோளாறு இல்லை. ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் திற, எழுது, மூடு என்று தனித்தனியாகப் பேச்சுவார்த்தை நடக்கும். ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒரே டார் ஃபைலாகக் கட்டி அனுப்பி, சர்வரில் பிரித்துக்கொள்ளுங்கள்.