அவசரப் பிரிவு சிஸ்டர் பதில்கள்

(பதில் சொல்பவர், ராமநாதபுரம் கடலோர அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர்)

கேள்வி: மகள் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துப் பாஸாகியிருக்கிறாள். ஆம்புலன்ஸில்தான் வேலை பார்ப்பேன் என்று நிற்கிறாள். டெக்சாஸில் இருக்கும் என் நாத்தனார் மகன், "இங்கே கம்யூனிட்டி காலேஜிலேயே பாராமெடிக் படிப்பு இருக்கு, செலவும் கம்மி, அனுப்புங்க அத்தை" என்கிறான். இங்கேயோ "சமுதாயக் கல்லூரி, ஓராண்டு பாராமெடிக், வேலை உறுதி" என்று பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் தருகிறார்கள். எதில் சேர்ப்பது சிஸ்டர்?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: நாத்தனார் மகன் பொய் சொல்லவில்லை தங்கச்சி, பாதியைச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் ஆம்புலன்ஸில் வேலை பார்ப்பவர்களில் நிறையப் பேர் கம்யூனிட்டி காலேஜில் படித்து வந்தவர்கள்தான். முதலில் இ.எம்.டி. என்ற அடிப்படைப் படிப்பு, சுமார் 150 மணி நேரம். பாராமெடிக் அதற்கு மேல்: 1,200 முதல் 1,800 மணி நேரம் வரை போகும். வகுப்பறை, மருத்துவமனை வார்டு, ஓடுகிற ஆம்புலன்ஸ் மூன்றிலும் நின்று பழக வேண்டும். இ.சி.ஜி. பார்த்து முடிவெடுக்க, மூச்சுக்குழாயில் டியூப் போட, நரம்பில் மருந்து ஏற்ற எல்லாம் கற்றுக்கொடுப்பார்கள். அப்புறம் தேசியப் பதிவுத் தேர்வு. 2013-லிருந்து, அங்கீகாரம் உள்ள படிப்பை முடித்திருந்தால்தான் பாராமெடிக் தேர்வுக்கே உட்கார விடுகிறார்கள்.

செலவு கம்மி என்பது அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு. வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கட்டணமே வேறு. படித்து முடித்து அங்கேயே வேலைக்கு இருக்கலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. ஹெச்-1பி விசா பட்டப்படிப்பு கட்டாயமாகத் தேவைப்படும் வேலைகளுக்கானது. பாராமெடிக் வேலை பொதுவாக அதில் வராது. ஆகவே டெக்சாஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

நோட்டீஸ் விஷயத்துக்கு வருவோம். சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். 1995-ல் புதுச்சேரியிலும் அடுத்த வருஷம் சென்னையிலும் தொடங்கியபோது, படிப்பு பாதியில் நின்றுபோன ஏழைப் பிள்ளைகள் கைத்தொழில் கற்று வேலைக்குப் போகட்டும் என்பதுதான் நோக்கம். அங்கே ஹெல்த் அசிஸ்டென்ட் படித்த பெண்கள் வார்டில் பொறுமையாக நோயாளி பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு ஒரு வருஷத்தில் பாராமெடிக் ஆக்குகிறேன் என்று சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவில், எத்தனை மாதம் என் பிள்ளையை நிறுத்துவீர்கள்?" பதில் எழுத்தில் வர வேண்டும். "டை-அப் இருக்கும்மா, பார்த்துக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்படி ஒரு சான்றிதழோடு ஒரு பையன் எங்கள் வார்டுக்கு வந்தான். ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னால் முழங்கைக்கு மேலே கட்ட வேண்டிய பட்டையைக் கீழே கட்டினான். மக்குப் பையன் இல்லை, சூட்டிகையானவன். வருஷம் முழுக்கப் பொம்மையைத் தவிர எதையும் தொட விடவில்லை, பாவம். அவன் அப்பா வலையை விற்றுப் பணம் கட்டியிருந்தார்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 108-க்கு மருத்துவ உதவியாளர் எடுக்கும் அறிவிப்புகளைப் பாருங்கள். வழக்கமாகக் கேட்பது பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். என்ற நர்சிங் படிப்புகள், டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீசியன் டிப்ளமோ, இல்லையென்றால் விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி மாதிரி ஒரு பட்டம். வயது 19 முதல் 30. தேர்வானவர்களுக்கு அவர்களே 50 நாள் போலப் பயிற்சி தருகிறார்கள். அதாவது பி.எஸ்சி. விலங்கியல் முடித்த பெண் உள்ளே போய்விடுவாள். பஸ் ஸ்டாண்டு நோட்டீஸ் சான்றிதழ்காரி வெளியே நிற்பாள்.

சரி, எங்கே சேர்ப்பது? அரசு மருத்துவக் கல்லூரிகளில் எமர்ஜென்சி கேர் டெக்னீசியன் என்ற ஓராண்டுச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. நோயாளி நடுவிலேயே படிப்பு. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. உண்டு. இரண்டுக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் அறிவிப்பைக் கவனியுங்கள். 2022 தொடக்கத்திலிருந்து ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் போய் விசாரியுங்கள். என் வீட்டுப் பெண்ணாக இருந்தால் நர்சிங்கில்தான் போடுவேன். நர்ஸ் வாயிலிருந்து வேறென்ன வரும் என்று சிரிக்காதீர்கள். ஆம்புலன்ஸ் ஆசை நாலு வருஷத்தில் தீர்ந்தாலும் நர்சிங் கைவிடாது.

ராத்திரி ட்யூட்டியில் பெண்பிள்ளையா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். 12 மணி நேர ஷிப்ட், ராத்திரியும் உண்டு. ஓடுகிற வண்டியில் பிரசவம் ஆகும்போது உள்ளே ஒரு பெண் இருப்பது எவ்வளவு தெம்பு என்று நம் தீவுப் பெண்களைக் கேளுங்கள். 2020-ல் தேனிக்காரப் பெண் ஒருவர் 108 வண்டியை ஓட்டவே வந்துவிட்டார்.

கேள்வி: மாப்பிள்ளை சவுதியில் இருக்கிறார். இங்கே பாராமெடிக்கல் டிப்ளமோ முடித்தால் என் மகனையும் அங்கே கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்கிறார். நடக்குமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: கூப்பிட மாப்பிள்ளை போதாது பாய். சான்றிதழ் உண்மையா என்று டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் படித்த இடத்துக்கே எழுதிக் கேட்பார்கள். அந்த இடம் இழுத்து மூடியிருந்தால் பதில் சொல்ல ஆள் இருக்காது. அதைத் தாண்டிப் புரோமெட்ரிக் என்ற தகுதித் தேர்வு, வேலை அனுபவச் சான்று. பணம் கட்டும் முன், போன வருஷம் அங்கே படித்து சவுதிக்குப் போன பையன் ஒருவனுடைய நம்பரை வாங்கி நீங்களே பேசுங்கள்.

கேள்வி: நான் நாட்டுப்படகு. திருக்கை முள் குத்தினால் மண்ணெண்ணெய் ஊற்றுவோம். சரியா? பத்தாவது தாண்டாத எங்களுக்கு யார் இந்த முதலுதவி எல்லாம் சொல்லித் தருவார்கள்?
– ஒரு மீனவர், முக்கையூர்

பதில்: மண்ணெண்ணெய் வேண்டாம் தம்பி, புண்தான் வேகும். திருக்கை விஷம் சூட்டுக்கு அடங்கும். பொறுக்கிற அளவு சுடுதண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், குத்துபட்ட காலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். வலியில் அந்தக் காலுக்குச் சூடு தெரியாது. நல்ல காலை விட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். படகில் ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர் எப்போதும் இருக்கட்டும். நெஞ்சு, கழுத்து, வயிற்றில் முள் நின்றால் பிடுங்கவே கூடாது, அப்படியே கரைக்குக் கொண்டுவாருங்கள். வலி தீர்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முள் துண்டு உள்ளே தங்கும். டெட்டனஸ் தடுப்பூசியும் போட வேண்டும்.

பயிற்சிக்குப் பத்தாவதே அதிகம். ரெட் கிராஸ், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இரண்டும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. தனியாகப் போகாமல் சங்கம் மூலமாக இருபது பேராகக் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுக்காரர்களும் கரையில் இருப்பார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, தண்ணீரில் மூழ்கியவருக்கு மூச்சு கொடுக்கும் பயிற்சி. நம் கரையில் இன்னும் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுகிறார்கள், வயிற்றை அமுக்குகிறார்கள். அதில் போகிற நேரம் உயிரையும் கொண்டுபோகிறது. மூச்சு நின்றிருந்தால் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்று, அப்புறம் நெஞ்சை 30 முறை அமுக்கி 2 மூச்சு, ஆம்புலன்ஸ் வரும்வரை விடக்கூடாது. கடலில் இருந்தால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டையும் படகின் உள்பலகையில் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். செல்போன் நனைந்தாலும் இன்னொருவர் போனில் அடிக்கலாம்.