கேள்வி-பதில்: ஆன்டிவைரஸுக்குக் காசு கொடுக்குமுன்

கேள்வி: விண்டோஸ் 11 போட்ட புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறோம். நம்மை உளவு பார்க்கும் ஸ்பைவேர் வராமலிருக்க எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்? பெயரை மட்டும் சொன்னால் போதும்.

மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். 2004 கடைசியில் ஜயன்ட் என்ற நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அந்த நிறுவனத்தின் ஸ்பைவேர் தடுப்பு மென்பொருளிலிருந்து வளர்ந்ததுதான் டிஃபெண்டர். விண்டோஸ் 8-லிருந்து அது முழு ஆன்டிவைரஸ் ஆகிவிட்டது. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு இது போதும்.

புதுக் கம்ப்யூட்டர் என்பதால் ஒன்றைப் பாருங்கள். வேறொரு கம்பெனியின் ஆன்டிவைரஸ் 'ட்ரையல்' என்ற பெயரில் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கலாம். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். ட்ரையலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும். அப்புறம் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' பகுதியில், வேண்டாத மென்பொருள்களைத் தடுக்கும் 'பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இலவச பிடிஎஃப் கன்வெர்ட்டர், வீடியோ டவுன்லோடர் இவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் குப்பையை மடக்குவது இந்த ஸ்விட்ச்தான்.

நாலைந்து கம்ப்யூட்டர், போன் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதும் விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இரண்டும் சோதனை முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. எத்தனை வைரஸ் பிடித்தது என்பதோடு, நல்ல ஃபைலை எத்தனை முறை வைரஸ் என்று தவறாகச் சொன்னது, கம்ப்யூட்டரை எவ்வளவு மந்தமாக்கியது என்பதையும் பாருங்கள்.

கேள்வி: பாதுகாப்புக்குப் பாதுகாப்பாக இரண்டு ஆன்டிவைரஸ் போடலாமா?

கூடாது. இரண்டும் ஒரே ஃபைலைப் பிடித்து இழுக்கும், கம்ப்யூட்டர் திணறும். இரண்டாவது கருத்து வேண்டுமானால், மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு போல, கேட்கும்போது மட்டும் ஸ்கேன் செய்வதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரபல ஆன்டிவைரஸ் ஒன்றின் கிராக் (காசு கொடுக்காமல் ஓட்டும் திருட்டுப் பதிப்பு) டவுன்லோட் செய்தேன். டிஃபெண்டரை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொன்னது, செய்தேன். இப்போது எதைத் தேடினாலும் வேறு தளம் திறக்கிறது. என்ன செய்வது?

திருட்டுச் சாவி விற்பவனிடமே வீட்டுக் காவலை ஒப்படைத்திருக்கிறீர்கள். காவலை நிறுத்து என்று ஒரு இன்ஸ்டாலர் சொன்ன அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். இலவசமாகவே நல்லது கிடைக்கும்போது இதற்கு என்ன அவசியம் வந்தது? போட்டோக்கள், டாகுமென்ட்களை மட்டும் வெளியே எடுத்துவைத்துவிட்டு விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாகப் போடுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்கள். முதலில் ஈமெயில், அடுத்தது வங்கி.

கேள்வி: ஒரு தளத்தில் இலவச ஸ்கேன் ஓட்டினேன். நூற்றுக்கணக்கில் ஆபத்துகள் இருக்கின்றன, நீக்க வேண்டுமென்றால் முழுப் பதிப்பை வாங்கு என்கிறது. வாங்கட்டுமா?

வேண்டாம். தளத்தை மூடுங்கள், எதையாவது இன்ஸ்டால் செய்திருந்தால் நீக்குங்கள்.

இந்த வித்தையைத் தெருமுனைத் திருடர்கள் மட்டும் செய்யவில்லை. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ என்ற பெரிய கடைச் சங்கிலி, வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரை இலவசமாகச் சோதித்துத் தருவதாகச் சொன்னது. ஸ்கேன் தொடங்குமுன் நான்கு கேள்விகள்: மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா, பாப்அப் வருகிறதா, வைரஸ் எச்சரிக்கை வந்ததா. ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்று டிக் போட்டாலே, ஸ்கேனில் என்ன கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், முடிவில் மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) அறிகுறி என்று வந்துவிடும் என்பதுதான் அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசி சாட்டிய குற்றம். 2019-ல் அந்தக் கடையும் மென்பொருள் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. மெதுவாக ஓடாத பழைய கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது?

சில ஸ்கேனர்கள் பொய் சொல்லாமலே மிரட்டும். நீங்கள் போகும் தளங்களைக் கவனிக்கப் பிரவுசரில் சேரும் சின்னக் குறிப்புகளான டிராக்கிங் குக்கீகளை ஒவ்வொன்றாக எண்ணி 'ஆபத்து' என்று சிவப்பில் காட்டும். அவற்றைப் பிரவுசர் செட்டிங்ஸில் நீங்களே அழித்துவிடலாம்.

கேள்வி: போன வருடம் தள்ளுபடியில் ஆன்டிவைரஸ் வாங்கினேன். பிடிக்காமல் சில மாதங்களில் அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன். இப்போது கார்டிலிருந்து இரண்டு மடங்குக்கு மேல் பணம் எடுத்திருக்கிறார்கள். என் தப்பா?

இல்லை, உங்கள் தப்பு இல்லை. மென்பொருளை அழித்தால் சந்தாவும் முடிந்தது என்றுதான் எந்த மனிதரும் நினைப்பார். ஆனால் மென்பொருள் கம்ப்யூட்டரில் இருக்கிறது, சந்தா அவர்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஒன்றை அழித்தால் இன்னொன்று அழியாது. அதை அவர்கள் உரக்கச் சொல்வதும் இல்லை.

இந்தத் துறையில் எனக்கு அடங்காத கோபம் இதன் மேல்தான். பெட்டியின் மேலே கொட்டை எழுத்தில் இருப்பது முதல் வருட விலை மட்டும். அடுத்த வருட விலை, பணம் கட்டும் பட்டனுக்குக் கீழே சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத அளவில் இருக்கும். நான் வாங்கிய ஒன்றில் ஆட்டோ ரினியூவலை (சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதை) நிறுத்தப் போனபோது, பெரிய பச்சைப் பட்டன் 'பாதுகாப்பைத் தொடர்க' என்றது. நிறுத்துவதற்கான சின்ன எழுத்து 'என் குடும்பத்தை ஆபத்தில் விடுகிறேன்' என்று இருந்தது. அதை அழுத்தினால் இன்னொரு பக்கம், அங்கே ஒரு சலுகை, அதையும் தாண்டினால் 'ஏன் போகிறீர்கள்' என்று கேள்வி. வாங்க ஒரே கிளிக், விலக ஒரு யாத்திரை. இதுவும் பயமுறுத்தி விற்பதுதான். 2009-லேயே நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் இதே ஆட்டோ ரினியூவல் புகாரில் மெக்காஃபி, சைமன்டெக் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் இரண்டிடமும் தலா 3,75,000 டாலர் வாங்கியது. அதன் பிறகும் இந்தக் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

உங்கள் பணத்துக்கு: நிறுவனத்தின் தளத்தில் லாகின் செய்து இன்றே ரீஃபண்ட் கேளுங்கள். ரினியூவல் ஆன சில வாரங்களுக்குள் கேட்டால் பல நிறுவனங்கள் திருப்பித் தருகின்றன. மறுத்தால், அந்த உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கார்டு கொடுத்த வங்கியில் புகார் செய்யுங்கள். இனி எதை வாங்கினாலும், வாங்கிய அன்றே ஆட்டோ ரினியூவலை நிறுத்திவிடுங்கள். கட்டிய காலம் முடியும்வரை பாதுகாப்பு பொதுவாக ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி: இலவச ஆன்டிவைரஸே நம்மை உளவு பார்க்கும் என்கிறார்களே?

நடந்திருக்கிறது. இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020-ல் விஷயம் வெளியே வந்ததும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-ல் எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது, விளம்பரத்துக்காக அப்படி விற்பதற்குத் தடையும் போட்டது. இன்ஸ்டால் ஆனதும் செட்டிங்ஸில் 'பிரைவசி' பக்கத்தைத் திறந்து, தகவல் பகிர்வு என்று இருப்பதையெல்லாம் ஆஃப் செய்யுங்கள். கூடவே வரும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அப்பாவின் திரை முழுக்க சிவப்பாகி சைரன் அடித்து, 'மைக்ரோசாஃப்ட்' என்று ஒரு போன் நம்பர் வந்தது. கூப்பிட்டார். அவர்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து பக்கம் பக்கமாக எரர்களைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை.

முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள்: ஏமாற்றுவதையே தொழிலாகச் செய்பவர்கள் அவர்கள், நன்றாகப் படித்தவர்களும் விழுகிறார்கள். அவர்கள் காட்டியது பெரும்பாலும் 'ஈவென்ட் வியூவர்' என்ற விண்டோஸின் சொந்தப் பதிவேடு. ஆரோக்கியமான கம்ப்யூட்டரிலும் அதில் சிவப்பு, மஞ்சள் குறிகள் நிறைய இருக்கும். என்னுடையதில் இப்போதும் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது.

இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். கார்டின் பின்னால் உள்ள எண்ணில் வங்கியைக் கூப்பிட்டு, ஏமாற்றிப் பணம் வாங்கிவிட்டார்கள் என்று சொல்லி கார்டை முடக்குங்கள், போலீஸிலும் புகார் கொடுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். அவர்கள் உள்ளே வரப் பயன்படுத்திய ரிமோட் மென்பொருளை நீக்கினால் மட்டும் போதாது, விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவதே நிம்மதி. 'உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம்' என்று இன்னொருவர் கூப்பிடலாம். அதே கும்பல்தான், போனை வைத்துவிடும்படி அப்பாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10-ஐ விட மனமில்லை. விலை உயர்ந்த ஆன்டிவைரஸ் போட்டுச் சமாளிக்கலாமா?

முடியாது. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான ஆதரவு, அதாவது ஓட்டைகளை அடைக்கும் அப்டேட், முடிந்துவிட்டது. விண்டோஸிலேயே இருக்கும் ஓட்டையை எந்த ஆன்டிவைரஸும் அடைத்துத் தராது. அந்தக் காசைச் சேர்த்துவைத்து விண்டோஸ் 11-க்கு மாறுங்கள், கம்ப்யூட்டர் அதற்குத் தாங்காது என்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் போடுங்கள்.