'மெதுவாக நடந்தார்': ஆங்கிலத்தில் எந்த வினை?

கேள்வி: தமிழ்ச் சிறுகதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பழகுகிறேன். 'மெதுவாக நடந்தார்' என்று வரும் இடமெல்லாம் 'வாக்ட் ஸ்லோலி' என்றே எழுதிவிடுகிறேன். வேறு வினைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அகராதியைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டு, அந்த ஆள் ஏன் மெதுவாக நடக்கிறார் என்று பாருங்கள். நாம் 'நட' என்பதை அப்படியே வைத்துக்கொண்டு தள்ளாடி, நொண்டி, காலை இழுத்து இழுத்து என்று முன்னால் சேர்த்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் அந்தச் சேதி வினைக்குள்ளேயே இருக்கும்.

சாப்பிட்டுவிட்டுக் காலாற நடந்தால் ஸ்ட்ரோல். ஆம்பிள் (amble) என்பதும் அவசரமில்லாத நடைதான், ஆனால் லத்தீன் 'ஆம்புலாரே'யில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்த அந்தச் சொல் முதலில் குதிரையின் இதமான நடையைக் குறித்தது, அந்த அசைவு இன்றும் அதில் இருக்கிறது. சான்டர் (saunter) வேறு, அதில் 'எனக்கென்ன' என்ற மிதப்பு உண்டு. பரீட்சைக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்தும் பதறாமல் உள்ளே நுழைகிறவனுக்குப் பொருந்தும்.

சேற்றிலோ சுமையோடோ களைத்து நடந்தால் ட்ரட்ஜ் (trudge). பாதத்தைத் தூக்காமல் தரையில் தேய்த்தால், செருப்புச் சத்தம் நமக்குக் கேட்கிற மாதிரி, ஷஃபிள். ஒரு காலில் அடிபட்டிருந்தால் லிம்ப். நடப்பதே பாடாக இருந்தால் ஹாபில்.

நான் அதிகம் திருத்துவது க்ரீப், கிரால் குழப்பத்தைத்தான். குழந்தை தவழ்வதும் நெரிசலில் வண்டிகள் ஊர்வதும் கிரால். க்ரீப்பில் யாருக்கும் தெரியக்கூடாது, சத்தம் வரக்கூடாது என்ற எண்ணம் இருக்கும். பேரன் தூங்குகிறானே என்று பாட்டி அடிமேல் அடி வைத்து வந்தால் 'க்ரெப்ட்' சரி, முட்டிவலியால் மெதுவாக வந்தால் அதே சொல் அவரைப் பதுங்கி வர வைத்துவிடும். (இறந்தகாலம் 'க்ரெப்ட்', 'க்ரீப்டு' அல்ல.) வரிசை துளித்துளியாக நகர்ந்தால் இன்ச், 2.54 சென்டிமீட்டர் அளவே அங்கே வினையாகிவிட்டது.

டாடில் (dawdle) என்பது கண்டிக்கிறவர் வாய்ச்சொல், பள்ளிக்குக் கிளம்பாமல் இழுத்தடிக்கும் பிள்ளையை அம்மா சொல்வது. வேலையில்லாமல் ஓரிடத்தில் சுற்றிக்கொண்டு நிற்பது லாய்டர் (loiter). இதற்கு இன்னும் கவனம் வேண்டும், அதில் போலீஸ் வாடை அடிக்கும். சிகாகோ நகரம் 1992-இல் கும்பல்களைக் குறிவைத்து லாய்டரிங்கைத் தடுக்க ஒரு சட்டமே போட்டது, 1999-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது தெளிவில்லாதது என்று சொல்லி ரத்து செய்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அப்பாவிப் பெரியவருக்கு அந்தச் சொல்லைப் போடாதீர்கள்.

அப்புறம், 'ட்ரட்ஜ்ட் ஸ்லோலி' என்று இரண்டையும் சேர்க்க வேண்டியதில்லை, வேகம் ஏற்கெனவே வினையில் வந்துவிட்டது. அந்த ஆள் ஏன் மெதுவாக நடந்தார் என்று கதை சொல்கிறவருக்கே தெரியாத இடத்தில் 'வாக்ட் ஸ்லோலி' என்றே விட்டுவிடுங்கள்.