பறவை பார்க்கும் வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: எங்கள் பகுதியில் குளிர்காலப் பறவை நோக்கும் வகுப்பு ஒன்று ஆரம்பிக்கிறார்கள். டிசம்பரில் தொடங்கி ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், பழவேற்காடு என்று கூட்டிப்போவார்களாம். கட்டணம் 6,000 ரூபாய். கூடவே அவர்களே விற்கும் 10-90×80 ஜூம் பைனாகுலரை 3,500 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டால் நல்லது என்கிறார்கள். வாங்கலாமா? (தாம்பரம்)

பதில்: பைனாகுலரை வாங்காதீர்கள். வகுப்பு பற்றி அப்புறம் பேசுவோம்.

அந்த எண்களில் × குறிக்கு முன்னால் இருப்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, பின்னால் இருப்பது முன்பக்க லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். பின்னதை முன்னதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42 என்றால் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அதிகாலை வெளிச்சத்துக்குத் தாராளம். உங்களுக்குச் சொன்ன பொருளை 90 மடங்குக்குத் திருப்பினால் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, படம் இருட்டிக் கிடக்கும். அதைவிடப் பெரிய தொல்லை கை நடுக்கம். 10, 12 மடங்குக்கு மேல் போனாலே கையில் பிடித்துப் பார்ப்பது கஷ்டம், 90 மடங்கில் கூழைக்கடாவா குப்பைப் பையா என்றே தெரியாது. இதில் பெட்டியில் போட்டிருக்கும் எண் உண்மையாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை, மலிவான ஜூம் பைனாகுலர்களில் எண்ணைக் கூட்டிப் போடுவது ரொம்ப சகஜம்.

8×40 அல்லது 8×42, ஜூம் இல்லாதது, இது போதும். நிக்கான் போன்றவர்களின் ஆரம்ப நிலை மாடல்கள் 3,500-ஐவிடக் கூடுதலாகத்தான் ஆகும், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். கண்ணாடி போடுகிறவர் என்றால் 'ஐ ரிலீஃப்' (முழுப் படமும் தெரிய லென்ஸிலிருந்து கண் இருக்கக்கூடிய தூரம்) என்று போட்டிருப்பது 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் தெரியும். முடிந்தால் கடைக்கு நேரில் போய், வாசலில் நின்று, எதிர்ப்பக்கம் நிழலில் இருக்கிற போர்டைப் படித்துப் பாருங்கள். அவசரமும் வேண்டாம், முதல் ஒன்றிரண்டு வாரம் யாரிடமாவது இரவல் வாங்கிச் சமாளிக்கலாம்.

இனி வகுப்பு. ஒரு ஞாயிறுக்கு 1,000 ரூபாய் விழுகிறது. வேன், நுழைவுக் கட்டணம், காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்தா, இல்லையா என்று முதலில் கேளுங்கள். சேர்த்து என்றால் நியாயமான தொகைதான். சொந்த வண்டியில் வரச் சொல்லிவிட்டு இதே தொகையை வாங்கினால் யோசிக்க வேண்டும். அடுத்தது, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், ஸ்டாண்டில் வைத்துப் பார்க்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் எத்தனை கொண்டுவருகிறார்கள்? நான் பணம் கொடுப்பது இதற்குத்தான். பள்ளிக்கரணையிலும் பழவேற்காட்டிலும் பறவைகள் பல நேரம் தூரத்தில்தான் இருக்கும், நாற்பது பேருக்கு ஒரு ஸ்கோப் என்றால் உங்கள் முறை வருவதற்குள் ஊசிவால் வாத்து எழுந்து போயிருக்கும்.

தேதி வரிசையையும் வாங்கிப் பாருங்கள். பூநாரை ஆழமில்லாத தண்ணீரில் நடந்து இரை தேடுகிற பறவை, மழை முடிந்து பழவேற்காட்டில் தண்ணீர் வடிய வடியத்தான் நன்றாகக் கூடும். அதனால் அந்தப் பயணத்தை ஜனவரிக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் என்று அர்த்தம். பூநாரை படத்தை நோட்டீஸில் போட்டுவிட்டு டிசம்பர் முதல் வாரமே அங்கே கூட்டிப்போகிறார்கள் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: போன சீசனில் இதே மாதிரி ஒரு வகுப்பில் சேர்ந்தேன். புயல் மழையில் இரண்டு பயணங்கள் ரத்து. மாற்றுத் தேதியும் தரவில்லை, பணமும் தரவில்லை. "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று ரசீதிலேயே இருக்கிறதாம். வேடந்தாங்கல் போன அன்றும் பறவை குறைவுதான். என்ன செய்யலாம்? (வேளச்சேரி)

பதில்: வேடந்தாங்கலை விட்டுவிடுங்கள். மழை பெய்து ஏரி நிறைந்தால்தான் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டும், அதற்கு வகுப்பு நடத்துகிறவர் பொறுப்பாக மாட்டார். "நிச்சயம் இத்தனை வகை காட்டுவோம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு கதை.

நடக்காத இரண்டு பயணங்கள் அப்படியல்ல. புயல் அவர்கள் தப்பில்லை, சரி, ஆனால் தராத சேவைக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ள அது காரணமாகாது. ரசீதில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் நுகர்வோர் சட்டம் அதோடு வாயை மூடிக்கொள்ளும் என்பதும் இல்லை. வேனுக்குக் கொடுத்த முன்பணம் போன்ற உண்மையான செலவைக் கணக்குக் காட்டிக் கழித்தால் ஒத்துக்கொள்ளலாம், அது நியாயம். மிச்சத்தைக் கேளுங்கள். ரத்து செய்த வாட்ஸ்அப் தகவல், ரசீது இரண்டையும் இணைத்து, 15 நாள் கெடு வைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சண்டை போடுவதில் பிரயோசனமில்லை, எழுத்தில் இருப்பதுதான் நிற்கும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த மாதிரிச் சின்னத் தொகைகள் பாதி அங்கேயே பேசி முடிந்துவிடும் என்பது என் எண்ணம். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் இரண்டு பயணத்தின் பணத்துக்காக எத்தனை தடவை அலையத் தயார் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: பணம் கட்டி வகுப்புக்குப் போகத்தான் வேண்டுமா? (ஆவடி)

பதில்: கட்டாயமில்லை. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், பிப்ரவரியில் இன்னொரு கணக்கெடுப்பு, இரண்டுக்கும் கட்டணம் இல்லை. 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளோடு போனால் தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பார்கள். தனியாகப் போவதென்றால், பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலி இலவசம்தான். உங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பை மட்டும் வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், போகிற இடத்தில் சிக்னலை நம்ப வேண்டாம்.